ஷா ஆலாம் போகும் வழியில் தஞ்சோங் மாலிம்

தெய்வானை அக்கா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதைப் பார்ப்பதற்கென்றே லோரிக்காரர்கள் தேநீர்ப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிய சரக்கை முட்டைக்கூடை மாதிரி பதமாகத் தூக்கி, ஒரு சாண் இடைவெளியில் பின்பக்கமாகவே வந்து, லோரியில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வயது ஐம்பத்திரண்டு. குள்ளம். மஞ்சள் தலைக்கவசத்துக்குக் கீழே தினமும் ஒரு முழம் பூ. கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கில் பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. ஏறுவதையும் இறங்குவதையும் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்கிறவள் நான், கௌசல்யா.

இப்பேர்ப்பட்ட அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. காலையில் காப்பார் சாலையில் நின்றால் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். போன வருடம் கிடங்கைப் புலாவ் இண்டா தீவுக்கு மாற்றினார்கள். பஸ் பழைய இடத்தோடு நின்றுவிட்டது. அக்காவின் கணவர் மகாலிங்கம் அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் அவருக்கு ஒரு வேன் நிறையப் பிள்ளைகள். மனைவிக்கு ஒதுக்க நேரமில்லை.

"நான் லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்றார் அக்கா, ஒருநாள் பசியாறிக்கொண்டிருந்தபோது.

அண்ணன் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "நீ ஓட்டறது பொம்மை வண்டி. ரோட்டுல யாரும் ஒனக்கு ஹெல்மெட் போட்டுக்கிட்டுக் கொடி காட்ட மாட்டாங்க லா."

அவ்வளவுதான். அன்று மதியமே அக்கா ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டார்.

சொல்லிக்கொடுத்தவர் லாவ். ஒல்லியான சீனர், முப்பது வருட அனுபவம். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்திருப்பார். முதல் நாள் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்த விதத்தைப் பார்த்து அவருக்கு ஏக சந்தோஷம். இரண்டாவது நிமிடம் அவருடைய பிரேக் நசுங்கியது.

விஷயம் இதுதான். ஃபோர்க்லிஃப்ட்டுக்குத் திரும்புவது பின்சக்கரம். வளைத்தால் மூக்கு நின்ற இடத்தில் நிற்கும், வால்தான் சுற்றிக்கொண்டு போகும். காரில் எல்லாம் தலைகீழ். பதினெட்டு வருடம் பழகிய கை என்ன செய்யும்? அக்கா ஒவ்வொரு வளைவிலும் இல்லாத வாலுக்கு இடம் விட்டார். இருக்கிற மூக்கை மறந்தார்.

"ஆன்ட்டி, முன்னால பாருங்க! முன்னால!" என்று லாவ் அலறுவார்.

"முன்னால என்னா இருக்கு? சரக்குதானே?"

"சரக்கு இல்ல ஆன்ட்டி, நான் இருக்கேன்!"

முதல் தேர்வில் பக்கவாட்டில் நிறுத்தும்போது எல்லைக் கம்பு விழுந்தது. இரண்டாவதில் மூன்று முறையில் திருப்ப வேண்டியதை ஏழு முறையில் திருப்பினார். மூன்றாவதில் மேட்டில் ஏறி நிறுத்தியவர், பழக்க தோஷத்தில் சரக்கை இறக்குவதற்காக இல்லாத கைப்பிடியைத் தேடினார். கார் பின்னால் உருண்டது. ஒவ்வொரு முறையும் மறுநாள் கிடங்கில் வந்து அவரே நடித்துக் காட்டுவார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அட்டைப்பெட்டிகள் மேல் சாய்ந்து சிரிப்போம். சிரித்ததில் ரோஹானிக்கு ஒருநாள் முக்காட்டு ஊசியே கழன்றுவிட்டது. ரோஹானி கிடங்கில் சீட்டு ஒட்டும் மலாய்க்காரி, அக்காவுக்கு உயிர்த்தோழி.

நான்காவது தேர்வைச் சொல்லாமல் விட முடியாது. அன்று விடுப்பு போட்டுவிட்டு நானும் கூடப் போயிருந்தேன். தேர்வுத் திடலின் வாசலில் ஒரு லோரி தரை ஓட்டுக் கட்டுகளைச் சரக்குப் பலகையோடு சரித்துவிட்டு நின்றது. ஆறு பலகை நிறைய ஓடுகள், பாதை முழுக்க. உள்ளே நாற்பது பேர், வெளியே முப்பது பேர், நடுவில் யாரும் நகர முடியாது. பக்கத்து இரும்புக் கடையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் சும்மா நின்றது. அதை ஓட்டுகிறவர் அன்றைக்கு வரவில்லையாம்.

அக்கா கடை முதலாளியான தவுக்கேயிடம் போனார். "சாவி குடுங்க தவுக்கே. கால் மணி நேரம்."

தவுக்கே அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆன்ட்டிக்கு ஓட்டத் தெரியுமா?"

"கூட வந்து பாருங்க."

அக்கா சான்றிதழ் அட்டையை நீட்டி, ஏறி உட்கார்ந்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சாய்ந்த பலகையை ஒரு முனையில் தொட்டு நிமிர்த்தி, தூக்கி, வாலைச் சுழற்றி, சுவரோரமாக ஆறையும் வரிசைக்கு நிறுத்திவிட்டார். திடலில் இருந்தவர்கள் வேலியோரம் வந்து கைதட்டினார்கள். தேர்வு அதிகாரியும் தட்டினார். தவுக்கே உடனே வேலைக்கு வரச் சொன்னார்.

அடுத்தது அக்காவின் முறை. முகமெல்லாம் சிரிப்போடு தேர்வுக் காரில் ஏறினார். கையில் இன்னும் ஃபோர்க்லிஃப்ட் சூடு. வால் சுற்றும் என்று நம்பி ஒரே திருப்பு. இரண்டு கம்பும் ஒன்றாக விழுந்தன.

அதிகாரி தாளைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஆன்ட்டி, அந்த வண்டிக்கு நூத்துக்கு நூறு. இந்த வண்டிக்கு நான் என்னா பண்றது, சொல்லுங்க?"

"போடுங்க சார் ஃபெயிலு. ஒங்க கை நடுங்காம போடுங்க" என்றார் அக்கா. அதிகாரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. லாவ் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

வழி கண்டுபிடித்தது அக்காவேதான். கிடங்கில் காலுக்கு முனையில் இரும்பு வைத்த கனத்த பூட்ஸ். கார் பழகவும் அதோடுதான் போய்க்கொண்டிருந்தார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு ஜோடி வெள்ளைத் துணிச் சப்பாத்து வாங்கினார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற அதே சப்பாத்து.

"பூட்ஸ் போட்டா பின்சக்கரம். இது போட்டா முன்சக்கரம். கால் சொன்னா கை கேக்கும்" என்றார்.

ரோஹானிக்கு நம்பிக்கையில்லை. "தெய்வா, பைத்தியம் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"பிடிக்கட்டும். லைசென்ஸ் வந்தா சரி."

கால் சொன்னது, கை கேட்டது. ஐந்தாவது தேர்வில் ஒரு கம்பும் அசையவில்லை. அக்கா வெள்ளைச் சப்பாத்தோடு திடலைச் சுற்றி ஓடி வந்து லாவைக் கட்டிப்பிடித்துவிட்டார். லாவ் அன்றைக்கே நான்கு எண் லாட்டரி எடுக்கப் போனதாகக் கேள்வி.

ஒரு பழைய கன்சில் கார் வாங்கி, முன்னும் பின்னும் புது ஓட்டுநர் 'பி' ஒட்டி, மூன்று வாரம் புலாவ் இண்டாவுக்கும் வீட்டுக்குமாக ஓட்டினார். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஷா ஆலாமில் மகாலிங்கம் அண்ணனின் தங்கை பரிமளத்துக்குப் புதுமனை புகுவிழா. கிள்ளானிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் இருபது நிமிடம். அண்ணனின் வேன் பட்டறையில் இருந்தது. ஆகவே அக்கா ஓட்ட, முன்னால் ரோஹானி வழிகாட்டிப் பலகை படிக்க, பின்னால் நானும் அண்ணனும். அண்ணன் மேலே இருக்கும் கைப்பிடியை வீட்டு வாசலிலேயே பிடித்துவிட்டார்.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல லா" என்றார் அக்கா.

"ஒரு பாதுகாப்புக்கு."

நெடுஞ்சாலையில் ஏறினோம். எண்பதில் கன்சில் குடுகுடுவென்று அதிர்ந்தது. ரோஹானி கத்தினாள்: "ஷா ஆலாம்! இடது பக்கம்! இடது!"

இடது பக்கத்தில் கன்டெய்னர் லோரி ஒன்று ரயில் மாதிரி நீளமாக வந்துகொண்டிருந்தது. அக்கா காத்திருந்தார். லோரி முடிந்தபோது ஷா ஆலாமும் முடிந்துவிட்டது.

"பரவால்ல, அடுத்ததுல எறங்கித் திரும்பலாம்" என்றார் அண்ணன்.

அடுத்தது சுபாங். அங்கே இன்னொரு லோரி. அதற்கடுத்தது டாமான்சாரா; ரோஹானிக்குத் தும்மல் வந்து பலகை தவறியது. சாலை பிரிகிற இடத்தில் அக்கா தனக்கு முன்னால் போன சரக்கு லோரியின் பின்னாலேயே போனார்.

"எங்க போறே?" என்று அண்ணன் அலறினார்.

"தெரியாத எடத்துல லோரி பின்னால போனாத் தப்பு வராது. எப்படியும் எறக்கற எடத்துலதான் போய் நிக்கும்."

"அது ஈப்போவுல எறக்கும்டி!"

பலகையிலும் ஈப்போ என்றுதான் இருந்தது, வடக்கே இருநூறு கிலோமீட்டர். சுங்கை பூலோ போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது. ரோஹானி தொற்றிக்கொண்டாள். அக்கா சிரித்தால் ஸ்டியரிங் ஆடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய ஓட்டினார்.

கைப்பேசி அடித்தது. பரிமளம். அண்ணன் எடுத்தார்.

"அண்ணே, பால் பொங்கிருச்சு. எங்க இருக்கீங்க?"

அண்ணன் வெளியே பார்த்தார். "ரவாங் கிட்ட."

"ரவாங்கா? அங்க என்னா வேலை?"

"ஷா ஆலாம் வந்துக்கிட்டு இருக்கோம்."

ரவாங் ஓய்விடத்தில் அக்கா ஒருவழியாக நிறுத்தினார். இறங்கி, சாவியைக் கணவரிடம் நீட்டினார். "இந்தாங்க. நீங்களே ஓட்டித் திருப்பிக்கிட்டுப் போங்க. எனக்குக் கை வலிக்குது." குரலில் கொஞ்சம் தோல்வி இருந்தது.

அண்ணன் சாவியை வாங்கவில்லை. தென்னங்கன்று மாதிரி நிமிர்ந்து நின்று, தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணா, நீயே ஓட்டு" என்றார். "இருபத்தாறு வருஷம் ஓட்டறேன் தெய்வா. வீடு, பள்ளிக்கூடம், வீடு. முன்னால இருக்கற காடியோட பின்பக்கம் தவிர வேற எதையும் பாத்ததில்ல. இன்னைக்குத்தான் ஜன்னல் பக்கம் ஒக்காந்து வர்றேன். மலை மேல மேகம் எறங்கி நிக்குது, பாத்தியா?"

"அப்ப விருந்து?"

"அது சாயங்காலம் வரைக்கும் நடக்கும். வடக்கால போ. தஞ்சோங் மாலிம்ல பாவ் நல்லா இருக்குமாம். நான் போனதே இல்ல."

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். "பொம்மை வண்டிக்காரி ஓட்டினா பரவால்லயா?"

"கொடி வேணும்னா நானே காட்டறேன்" என்றார் அண்ணன், கைக்குட்டையை உருவிக்கொண்டு.

அதற்குப் பிறகு காருக்குள் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வராது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கைக்குட்டையை வீசினார். கடந்து போன பஸ்ஸில் இருந்த சுற்றுலாக்காரர்கள் பதிலுக்குக் கை ஆட்டினார்கள். ரோஹானி மலாயில் பாட்டு எடுத்தாள், நாங்கள் தமிழில் இழுத்தோம். மழை வந்தது; வைப்பரைத் தேடிய அக்கா ஹாரனை அடித்தார், முன்னால் போன லோரிக்காரர் பயந்து வழிவிட்டார். "ஏய், நான் லோரியை முந்திட்டேன்!" என்று அக்கா கூவியதில் கன்சிலின் கண்ணாடியே அதிர்ந்தது. தஞ்சோங் மாலிம் பலகை வந்ததும் நான்கு பேரும் ஒரே குரலில் "இடது!" என்று கத்தினோம். அக்கா அழகாக, சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, இறங்கினார்.

ஹலால் பாவ் கடையில் ஆவி பறக்கிற தட்டுகள், உள்ளே பூரணம் வைத்த வெள்ளை வெள்ளைப் பாவ்கள். அண்ணன் தேங்காய்ப் பாவ் மூன்று, காயா ஜாம் வைத்த பாவ் இரண்டு தின்றார். கடைப் பையில் அறுபது பாவ் கட்டிக்கொண்டோம்.

திரும்பும்போது ஷா ஆலாமைத் தவறவிடவில்லை. ஆனால் மணி நாலேகால். பரிமளத்தின் வாசலில் தோரணம் வாடியிருந்தது; விருந்தினர் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். பரிமளம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க அண்ணி. சாப்பாடெல்லாம் மூடியாச்சு. ஈப்போவுக்கே போயிருந்தா அங்கயே தங்கியிருக்கலாமே?"

"அடுத்த வாரம் போறோம்" என்றார் அண்ணன், மனைவிக்கு முந்திக்கொண்டு. "நீயும் வா. எடம் இருக்கு, கொஞ்சம் நெருக்கி ஒக்காரணும்."

பரிமளம் பையைத் திறந்து பார்த்தாள். பாவ் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள், கோபத்தோடேயே மென்றாள், இன்னொன்றை எடுத்தாள்.

"காயா எதுல இருக்கு?" என்று கேட்டாள்.