சாப்பாட்டுக்குப் போன இடத்தில்

நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குக் கஜமுகன் துணைப் பயிற்சியாளர். பள்ளிக்கூடங்களில் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கல்லூரிக்கு இழுத்து வருவதுதான் அவருடைய வேலை. 1996இல் டெரிக் என்ற நெட்டைப் பையனுக்காக நாயாய் அலைந்தார். கடைசியில் அவன் டெக்சஸ் கல்லூரி ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்து மனைவி பத்மராணிக்கு எரிச்சல் வந்தது.

"வரமாட்டன் எண்டவன்ர வீட்டுக்கு ஏன் போறியள்?"

"சாப்பிட வாறன் எண்டு தாய்க்குச் சொல்லிப்போட்டன். போகாட்டி அந்த மனுசி என்ன நினைக்கும்?"

போனார். வயிறு முட்டச் சாப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒருவன் டெரிக்கைப் பந்தே போடவிடாமல் மறித்து விளையாடிக்கொண்டிருந்தான். டெரிக்கின் ஒன்றுவிட்ட தம்பியாம். எந்தக் கல்லூரியும் அவனைக் கேட்டதில்லை. கஜமுகன் அங்கேயே கேட்டுவிட்டார்.

மூன்றாம் வருடம் அந்தத் தம்பியால் கோப்பை கிடைத்தது. வெற்றி விருந்தில் தலைமைப் பயிற்சியாளர், அவனைக் கண்டுபிடித்தது தன் கழுகுக்கண்தான் என்று பேசிக்கொண்டே போனார். கஜமுகன் தட்டோடு மறுபடியும் எழுந்தார்.

"எத்தினை தரம் சாப்பிடுவியள்?" என்று பத்மராணி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடும். சாப்பிடப் போனால்தானே ஆள் கிடைக்குது. அடுத்த வருசத்துக்கும் ஒருத்தன் வேணும்."