தங்கச்சி அக்கா

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை எல்லோரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூட்டுவலியோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடிப்படி ஏறுவார். ஆனாலும் தங்கச்சி. படமோ தொடரோ, தங்கை வேடம் என்றால் அதற்குக் குரல் கொடுப்பது அவர்தான் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். என்னைவிட மூத்தவரை வெறுமனே அப்படிக் கூப்பிட நாக்கு கூசியதால் நான் 'தங்கச்சி அக்கா' என்றேன்.

"இது என்ன தம்பி, சின்னப் பெரியப்பா மாதிரி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்தாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு அக்கா தங்கை கதை என்றாலே எரிச்சல். பேசும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வருஷக்கணக்காக அதையே பதிவு செய்தவனுக்கு வேறு என்ன வரும்? படத்தில் அக்கா தியாகம் செய்வாள். நாடகத்துக்குப் போனால் அங்கேயும் அதே அக்கா, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகத் தியாகம் செய்வாள். பாட்டில் தாயில்லாத தங்கையைத் தாலாட்டுவாள். பிறகு இருவரும் தொலைந்துபோய், கடைசி ரீலில் எதிரெதிரே வந்து நின்று, அடையாளம் தெரியாமல் முழிக்கும்போது அந்தத் தாலாட்டே வந்து சேர்த்துவைக்கும். தங்கச்சி அக்கா கிண்டலில் என்னையும் மிஞ்சுவார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் விரும்புவாங்க தம்பி. ஊருல வேற ஆம்பளைக்குப் பஞ்சம். கடைசியில ஒருத்தி சாகணும். அப்பத்தான் டிக்கெட் எடுத்தவனுக்கு மனசு ஆறும்."

இப்படிப் பேசிவிட்டு உள்ளே போய் அழுவார். அந்த அழுகைக்குத்தான் அவரைத் தேடி வந்தார்கள். ஒலிப்பதிவு அறையின் விளக்கை அணைக்கச் சொல்வார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அழுது முடிந்ததும் சின்னதாக ஒரு விக்கல் வரும். நடிப்பு இல்லை, நிஜமான விக்கல். இயக்குநர்கள் அதை வெட்ட விடமாட்டார்கள். வெளியே வந்ததும், "டீ சொல்லுப்பா, தொண்டை காஞ்சு கிடக்கு" என்பார்.

ஒருமுறை கேட்டேன், எப்படி அழுகிறீர்கள் என்று.

"எனக்கு ஒரு அக்கா இருந்தா தம்பி. நான் சின்னவளா இருக்கறப்பவே போய்ச் சேர்ந்துட்டா. மத்தவங்க முக்கி முனகி அழணும். எனக்குக் கதவைத் திறந்துவிட்டாப் போதும்."

கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொல்லிக் கேட்டதுதான் மீதி. அம்மா இல்லாத வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அக்காதான் குளிப்பாட்டி, தலை பின்னி, பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தது. அந்த அக்கா ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஒரு நாடகக் குழுவோடு போய்விட்டாள். "கூட்டிக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அப்பா பின்னாலேயே போனார். தனியாகத் திரும்பி வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, "காய்ச்சல்ல போயிட்டா. அங்கேயே எல்லாத்தையும் முடிச்சிட்டேன்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவின் படம் ஒன்று கூடத்துச் சுவருக்குப் போனது. தலை பின்ன ஆள் இல்லாததால் சின்னவளின் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். இன்றுவரை அதே வெட்டுதான்.

குரல் கொடுக்கும் வேலைக்கு அப்பா சம்மதித்தது ஆச்சரியம்தான். மேடை ஏறக்கூடாது, முகம் தெரியக்கூடாது, படத்தில் பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார். மாலையில் அவரே வந்து கூட்டிப்போவார். எங்கள் வாசலில் குடையோடு நிற்கும் அந்த மனிதரைப் பார்த்து நான் மரியாதையாக எழுந்து நின்றிருக்கிறேன். மகள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வந்த மாப்பிள்ளைகள் யாரும் மாமனாரைக் கூட வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை, இவர் அப்பாவை விட்டுப் போகச் சம்மதிக்கவில்லை. டிவியில் மகளின் அழுகை வரும்போதெல்லாம் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம்.

"பெரியவ ஞாபகம் வந்துடும் போல. தாங்க மாட்டாரு பாவம்" என்பார் தங்கச்சி அக்கா.

படுக்கையில் விழுந்த அப்பாவுக்கு எல்லாம் இவர்தான் செய்தார். கடைசி நாளில் அவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி வாசல் பக்கம் கையைக் காட்டினாராம். "அக்கா வந்து அவரைக் கூப்பிடறா போலன்னு நெனச்சேன். போயிட்டு வாங்கப்பான்னு அனுப்பி வச்சேன்" என்று சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது.

இனி அந்த நாள்.

எங்கள் தொழிலில் இப்போதெல்லாம் ஒரே காட்சியில் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. காலையில் ஒருவர் வந்து தன் பங்கைப் பேசிவிட்டுப் போவார், மதியம் அடுத்தவர் வந்து பதில் சொல்வார். கோர்த்துவிடுவது என் வேலை. இன்னொரு பழக்கமும் உண்டு. திரையில் முகம் தெரிந்தால் உதட்டசைவுக்கு ஏற்றபடிதான் பேசவேண்டும். முதுகு மட்டும் தெரிகிற இடத்தில் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

அன்று பதிவுக்கு வந்ததும் ஒரு அக்கா தங்கை படம்தான். அக்கா வேடத்துக்குப் புதிதாக ஒரு அம்மாள் காலையில் வந்தார். நரைத்த தலை, கணீரென்ற குரல். மேடையில் பேசிப் பழகியவர் என்பதால் மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்துக் கடைசியில் சுவரோரம் கொண்டுபோனேன். தங்கைக்கு அக்கா தலை பின்னும் காட்சி வந்தது. அக்காவின் முதுகுதான் தெரிகிறது, வசனமே கிடையாது. இவர் தாமாகவே ஒன்றைச் சேர்த்தார்.

"ஆடாதடி எலிவாலு! ஆடினா அவுத்துட்டு முதல்லேருந்து பின்னுவேன். ஒண்ணு, ரெண்டு, நாலு!"

"மூணை விட்டுட்டீங்களேம்மா" என்றேன்.

"வேணும்னுதான் தம்பி. முதுகுதானே தெரியுது, இருந்துட்டுப் போகட்டும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன். அவர் வேலை முடிந்து கீழே இறங்கிப் போனார்.

மதியம் தங்கச்சி அக்கா வந்தார். வழக்கம்போல, எதிராளியின் குரலைக் காதில் ஓடவிட்டேன். முதல் இரண்டு காட்சிகள் ஒழுங்காகப் போயின. நடுவில் மட்டும், "யாரு தம்பி இந்த அக்கா, புதுசா? குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார். நாடகத்தில் இருந்தவர் என்றேன். பிறகு தலை பின்னும் காட்சி. திரையில் தங்கை சிரிக்கிறாள், இவரும் சிரிக்கவேண்டும். குரல் ஓடியது. இவர் சிரிக்கவில்லை.

"மறுபடி போடு."

போட்டேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை ஓடி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, அதற்குள் யாரோ உட்கார்ந்திருப்பது போல உற்றுப் பார்த்தார்.

"இதை யாரு எழுதினது?"

"யாரும் எழுதலைக்கா. அந்த அம்மாவே சேர்த்துக்கிட்டாங்க."

"இது எங்க அக்கா."

"ஆமாக்கா, அக்கா வேஷம்தான்..."

"வேஷம் இல்லடா! என்கூடப் பொறந்தவ!"

அவர் என்னை 'டா' போட்டதே இல்லை. சுவரில் படமாகத் தொங்குகிற பெண்ணைக் காலையில் நான் மைக் முன்னால் நிற்கவைத்து, "கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேனா? இருக்காது என்றுதான் அறிவு சொன்னது.

"முடி மெலிசா இருந்தா எல்லா வீட்டுலயும் எலிவாலுன்னுதான் சொல்லுவாங்கக்கா."

"மூணு எங்கடா? மூணை எங்க காணோம்? மூணுன்னு சொல்றதுக்குள்ள நான் எழுந்து ஓடிடுவேன்னு அவ மூணையே தூக்கிட்டா. ஒண்ணு, ரெண்டுக்கு அப்புறம் நாலுன்னு தலையில குட்டு விழும். இது எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே..."

அப்பா என்ற சொல்லில் நின்றுவிட்டார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் புரியாத முகம். பிறகு ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்த முகம். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாசலைக் காட்டினாரே தம்பி. அவளைக் கூப்பிடச் சொல்லித்தானே காட்டியிருக்காரு? நான் போயிட்டு வாங்கன்னுல்ல அனுப்பினேன்..."

குடையோடு நின்ற அந்த மனிதரை நினைத்தேன். பெற்ற மகளை உயிரோடு சுவரில் மாட்டிவிட்டு, இன்னொரு மகள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மழை வந்துவிடுமோ என்று குடை வேறு!

"போன் பண்ணட்டுமாக்கா?"

"பண்ணி என்னன்னு கேப்பே? உசுரோட இருக்கீங்களான்னா?"

அதற்குள் எண்ணை அழுத்திவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "நான் எங்கேயும் போகலை தம்பி. கீழ பெஞ்சுலதான் இருக்கேன்" என்றது அந்தக் கணீர்க் குரல். காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். தங்கை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறியதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல்.

அவர் மேலே வந்து என் பக்கத்தில் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி அக்கா எழுந்து நின்றார். நான் பொத்தானை அழுத்தினால்தான் இரண்டு பக்கமும் கேட்கும். அழுத்தினேன்.

இருவரில் பெரியவர்தான் முதலில் பேசினார். "நீ பேசற படம்னு தெரிஞ்சுதான் வந்தேன். திட்டறதா இருந்தா திட்டிடு. கேட்டுட்டுப் போயிடறேன். இப்பவும் முகத்துல முழிக்க மாட்டேன்னாலும் சரிதான்."

"நீ செத்துட்டே" என்றார் சின்னவர்.

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல்ல செத்துட்டேன்னு அப்பா சொன்னாரு. உன் படத்தை மாட்டி வச்சிருக்கேன். தினமும் தொடைக்கறேன்."

பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மேடை முழுக்க நிரப்புகிற அந்தக் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"என்கிட்ட வந்து, சின்னவ உன் முகத்துல முழிக்க மாட்டேன்னுட்டா, நீ வாசப்படி மிதிச்சா விஷம் குடிச்சிடுவேன்னு சொல்றான்னு... நீ சொன்னதாத்தானேடி சொன்னாரு? அந்தப் பயத்துலதானே நான்..."

"நானா? எனக்குத் தலையே பின்னிக்கத் தெரியாதேடி அப்போ!"

அப்போதுதான் பெரியவர் அந்த ஒட்ட வெட்டிய தலையைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி, உன் பேரு எந்தப் படத்துலயும் வராது. விக்கலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். சின்னதுலேருந்து அழுது முடிச்சா அந்த விக்கல் உனக்கு. எங்க நாடகம் போட்டாலும், பக்கத்துக் கொட்டகையில என்ன படம், அதுல தங்கச்சி அழறாளான்னு பார்ப்பேன். யாரைப் பறிகொடுத்துட்டு இப்படி அழறாளோன்னு தவிப்பா இருக்கும். கேக்கத்தான் முடியாது."

தங்கச்சி அக்கா கண்ணாடியருகே வந்தார்.

"உன்னைத்தான்" என்றார்.

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டேன். வராந்தாவில் நின்று நான் அழுததை டீ கொண்டுவந்தவர் பார்த்துவிட்டார். பார்த்தால் பார்க்கட்டும்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி பாக்கி இருந்தது. சொல்லவே வேண்டாம், செத்துக் கிடக்கும் அக்காவின் மேல் விழுந்து தங்கை அழவேண்டும். இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி அக்கா வந்தார். விளக்கை அணைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். காட்சி ஓடியது, திரும்ப ஓடியது. ஒன்றும் வரவில்லை.

"அவ கீழ பெஞ்சுல பிஸ்கட் தின்னுக்கிட்டு உக்கார்ந்திருக்கா தம்பி. எப்படி அழறது?"

"வேற எதையாவது நெனச்சுப் பாருங்களேன்க்கா."

"அப்பாவை நெனச்சுப் பார்த்தேன்" என்றார். இருட்டில் முகம் தெரியவில்லை. "அழுகை வரலை. கோவம்தான் வருது. அதுக்கு இந்தப் படத்துல வசனம் இல்லை."

வேறொரு பெண்ணை வரவழைத்து அந்த அழுகையைப் பதிவு செய்தேன். சுமார்தான் என்றார் இயக்குநர்.