தீர்த்தகிரி சாரின் பதினோராவது விதி

தீர்த்தகிரி சாரை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் கெட்டவர் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் விதி விதி என்று அவரைப் போல உயிரை வாங்கும் மனிதரை நான் பார்த்ததில்லை. பகடை மேசையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தால் அந்த எண் செல்லாது என்பார். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்திருந்தாலும் செல்லாது. குனிந்து எடுத்துத் துடைத்து, "திரும்ப உருட்டுங்க டீச்சர்" என்று கையில் கொடுப்பார்.

நான் தேவிப்பிரியா, கணக்கு டீச்சர். அவர் கம்ப்யூட்டர் சார். இண்டூரைத் தாண்டி இருக்கும் எங்கள் தனியார் பள்ளியில் அவர் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. சேர்ந்த இரண்டாவது மாசம் வேன் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். காலேஜ் படிக்கும்போதே மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி லோடு ஓட்டியவர் என்பதால் இவரிடம் ஹெவி லைசென்ஸ் இருந்தது. "நாலு நாளைக்குப் பாத்துக்கப்பா" என்றார் தாளாளர். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. காலை ஆறரைக்கு வேனில் ஏறுவார், ஒன்பதரைக்குக் கரும்பலகை முன்னால் நிற்பார், நாலரைக்கு மறுபடியும் வேன். யாராவது "டிரைவர்" என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திருத்துவார். "கம்ப்யூட்டர் சாருங்க. வேன் சும்மா ஒத்தாசைக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவர் ராஜா. கலைவாணனின் செல்போன் கடை மாடியில் நாலு பேர் உட்காருவோம். சார், கலைவாணன், எங்கள் பள்ளி ஆபீஸ் கிளார்க் நவநீதன், நான். பகடையும் பென்சிலும் வைத்து ஆடும் கதை விளையாட்டு அது. ஆளுக்கு ஒரு பாத்திரம், பாத்திரத்துக்கு ஒரு தொழில். சார் கதையை நடத்துவார். சண்டையில் ஜெயித்தால், காயத்துக்குக் கட்டுப் போட்டால், கோட்டைக் கதவைத் திறந்தால் அனுபவப் புள்ளி கொடுப்பார். புள்ளி சேரச் சேர லெவல் ஏறும். இங்கிலீஷில் இருந்த விதிகளைப் படித்து, தனக்குச் சரி என்று பட்டதைச் சேர்த்து, இருநூறு பக்க நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

அதில் பதினோராவது விதிதான் என் வயிற்றெரிச்சல். ஒருவர் இரண்டு தொழில் எடுத்தால் கிடைக்கும் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பாதி பாதியாகப் போகும். எங்களில் இரண்டு தொழில் எடுத்தவள் நான் ஒருத்திதான். என் பாத்திரம் காளி, வீரரும் அவளே, மருத்துவரும் அவளே. ஒரே சண்டையில் வாளும் வீசுவாள், விழுந்தவனுக்குக் கட்டும் போடுவாள். மூன்று வருஷம் ஆடியபிறகு நவநீதனின் வீரன் எட்டாம் லெவல். காளி அதில் ஐந்து, இதில் ஐந்து.

"ரெண்டையும் முழுசாத்தானே சார் செஞ்சேன்? பாதிச் சண்டை போட்டுட்டு ஓடிட்டேனா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"ரெண்டுக்கும் முழுசாக் குடுத்தா, ஒரே தொழில் பாக்கறவருக்கு அநியாயம் இல்லீங்களா?" என்பார். "ஒரு மனுசனோட அனுபவம் ஒண்ணுதாங்க டீச்சர். பிரிச்சித்தான் குடுக்கணும்."

நவநீதன் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவான். "சார் சொல்றதுதாங்க நியாயம்."

அந்த நவநீதனின் வீரன் ஆற்றங்கரையில் சாகக் கிடந்தபோது கட்டுப் போட நின்றவள் காளி. அவனைத் தேற்றி அனுப்பிவிட்டாள். அதற்குள் பேய்ப்படை அவளைச் சுற்றிக்கொண்டது. ஐந்தாம் லெவல் வாளால் அதை உடைக்க முடியவில்லை. காளி செத்தாள். நான் அன்றைக்குக் கலைவாணன் வாங்கி வைத்த போண்டாவைக்கூடத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். விளையாட்டுக்கு அழுவார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அழுவார்கள். அடுத்த வாரம் ஒரே தொழிலோடு ஓர் ஒற்றனை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

போன ஆவணியில் ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் முதுநிலைக் கம்ப்யூட்டர் ஆசிரியர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். ஆசிரியராகப் பத்து வருஷ அனுபவம் வேண்டும், வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும். சாருக்கு முப்பத்தொன்பது முடிந்து ஏழு மாசம். அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. "அங்க வேன் கிடையாதுங்க டீச்சர். கிளாஸ் மட்டும்தான்" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கே ஆசையாக இருந்தது.

அனுபவச் சான்றிதழைத் தாளாளர் ஒட்டின கவரில் கொடுத்தார். அப்படித்தான் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் ஆவி காட்டியாவது பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருப்பார்கள். இவர் பார்ப்பாரா? "ஒட்டினதைப் பிரிக்கக் கூடாதுங்க" என்று அப்படியே தபாலில் சேர்த்தார்.

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. ஆசிரியர் அனுபவம் போதாது என்று ஒரே வரி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீஸில் இருந்த நகலை வாங்கி என்னிடம் காட்டினார். மொத்தப் பணி பதினான்கு ஆண்டுகள், அதில் கணினி ஆசிரியராக ஏழு ஆண்டுகள், வாகன ஓட்டுநராக ஏழு ஆண்டுகள் என்று டைப் அடித்திருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அதைப் படித்ததும் முதலில் எனக்குள் வந்தது சந்தோஷம். 'இப்பத் தெரியுதா, காளிக்கு எப்படி இருந்திருக்கும்னு?' என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த மனுஷன் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸுக்குப் போய் நவநீதனைப் பிடித்தேன். "யார்ரா இப்படி எழுதச் சொன்னது?"

"தாளாளர் கேட்டாருங்க டீச்சர், ரெண்டு வேலையும் பாத்திருக்காரே, எப்படிப் போடறதுன்னு. பாதி பாதி போட்டா சரியா இருக்கும்னு நான்தாங்க சொன்னேன்." அவன் முகத்தில் கள்ளமே இல்லை. "சாரோட விதிதானுங்களே அது? அவருக்கே அதைத்தானே புடிக்கும்?"

அறையலாம் போல இருந்தது. ஆனால் எதற்கென்று அறைவது? மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து, இதுதான் நியாயம் என்று அவன் கற்றுக்கொண்டது அந்த மாடியில்தானே?

தாளாளரிடமும் போனேன். மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். கையெழுத்துப் போட்டதை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்றார். வேனுக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை என்ற நிம்மதி அவர் குரலில் தெரிந்தது. ஓசூரிலும் அதற்குள் ஆள் எடுத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு சார் வரமாட்டார் என்று நினைத்தோம். சரியாக இரண்டு மணிக்கு வந்தார். நவநீதன் எழுந்து நின்று அழுதான்.

"உட்காரு நவநீதா. நீ போட்ட கணக்குல தப்பு இல்ல" என்றார். "நான் டிரைவர்ங்கறது எனக்கே தெரியல, அவ்ளோதான்."

பிறகு நோட்டைப் பிரித்து, ஸ்கேல் வைத்துப் பதினோராவது விதியை அடித்தார். எங்கிருந்தோ காளியின் பழைய தாளை எடுத்தார். அதை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஐந்து, ஐந்து என்று இருந்ததை அழித்துவிட்டு, வீரர் எட்டு, மருத்துவர் எட்டு என்று எழுதி என் பக்கம் தள்ளினார்.

"எழுப்பிடலாம்ங்க டீச்சர் அவளை."

மூன்று வருஷம் நான் தொண்டை வற்றக் கேட்டது. மாற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "வேணாம் சார். செத்தவ செத்தவளாவே இருக்கட்டும்" என்றேன். அவர் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தார். அன்றைக்கு யாரும் பகடையை உருட்டவில்லை.

திங்கள்கிழமை காலை எங்கள் நிறுத்தத்தில் வேன் வந்து நின்றது. புதிதாகச் சேர்ந்த குழந்தையின் அம்மா ஜன்னலருகே போய், "டிரைவர் அண்ணே, பாப்பாவை முன்னால உட்கார வெச்சுக்கோங்க, வாந்தி எடுக்கும்" என்றாள்.

அவர் எப்போதும் சொல்வதைச் சொல்வார் என்று படியில் கால் வைத்தபடியே காத்திருந்தேன்.

"சரிங்கக்கா" என்றார்.