அண்ணன் பேரில் வந்த பெட்டி

போன செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று சன்ஷேடுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பாக்கெட்டில் போன் அலறியது.

"சுனில் அண்ணனா? பார்சல் உண்டு. வீடு பூட்டிக் கெடக்கே..."

"அம்மை ரேஷன் கடைக்குப் போயிருப்பா. கொஞ்சம் நில்லு தம்பி."

"நிக்க முடியாதுண்ணே, மழை தூத்துது. பெட்டி நனைஞ்சா என்னையத்தான் சொல்லுவிய. அதான் ஜங்ஷன்ல மீனு கடையில கொடுத்துட்டேன்."

ஏணியை இறுக்கிப் பிடித்தேன்.

"எந்த மீனு கடை? கறி மீனா... கலர் மீனா?"

"கலர் மீனு கடைதான். அந்த அக்கா உங்களத் தெரியும்னு சொன்னாவளே!"

நான் மூன்று மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கி வெள்ளை அடித்தவன். தலை சுற்றியதே இல்லை. அன்றைக்கு எட்டடி ஏணியில் சுற்றியது.

ஏன் என்று சொல்கிறேன். முதலில், நான் சுனில் இல்லை. சுனில் என் அண்ணன். இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எட்டு மாதம் முன்னால் தக்கலை தாண்டி ஒரு வளைவில், பைக்கோடு போய்விட்டான். அவன் போன் இப்போது என்னிடம். அதில் அவன் வைத்திருந்த ஷாப்பிங் ஆப்பும் அப்படியே இருக்கிறது. பேரை மாற்றலாம் என்று ஒருநாள் திறந்தேன். பழைய பேரை அழித்தால்தான் புதுப் பேர் எழுத முடியும். விரலை வைத்தேன்... எடுத்துவிட்டேன். அதனால் நான் எது வாங்கினாலும் சுனில் பேரில்தான் வரும்.

இரண்டாவது, அந்தப் பெட்டிக்குள் இருந்தது மீன் தொட்டிக்கான மோட்டர். அதைப் பத்திரமாக வாங்கி வைத்திருக்கும் கடையில் விற்பது — மீன் தொட்டிக்கான மோட்டர்!

அண்ணன் விட்டுப்போனதில் இன்னும் மூச்சு விடுவது ஒன்றே ஒன்று. ஒரு ஆஸ்கர் மீன். கறுப்பும் ஆரஞ்சுமாக, உள்ளங்கையைவிடப் பெரிது. பேர் மந்திரி. பேர் வைத்ததும் அண்ணன்தான். எப்போதும் உம்மென்று இருக்கும், தின்ன ஏதாவது கொண்டுபோனால் மட்டும் முன்னால் வந்து முகம் காட்டும் — அதனால் மந்திரி.

அண்ணன் போன அன்று வீடு நிறைய ஆட்கள். மீன் ஒன்று உள்ளே இருக்கிறது என்று யாருக்கு ஞாபகம்? மூன்றாம் நாள் ஜெசி அக்கா வந்தார். எங்கள் ஜங்ஷனில் கலர் மீன் கடை நடத்துபவர். கணவர் மஸ்கட்டில். அம்மாவின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு வாளியில் மந்திரியைப் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து, தொட்டியைக் கழுவித் தந்து, மீனையும் விட்டுவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட கடைக்கு நான் என்ன செய்தேன்?

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை மோட்டர் நின்றுபோனது. ஓடினால்தான் தொட்டித் தண்ணீரில் காற்று கலக்கும். இல்லாவிட்டால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். நேரே அக்கா கடைக்குத்தான் போனேன். நல்ல பிள்ளையாகத்தான் போனேன்!

"வா மக்கா. நீ அங்கோட்டுத் திரும்பி நிக்கும்போ சுனிலப் போலவே இருக்கு," என்றார்.

எப்போது போனாலும் இதைச் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார். எனக்கு அது தாங்காது.

ஒரு மோட்டரை எடுத்துக் காட்டினார். விலை கேட்டேன். சொன்னார். ஆன்லைனில் குறைவாக இருக்கும் என்று தோன்றியது. "அம்மைக்கு ஒரு படம் எடுத்துக் காட்டிட்டு வாறேன்கா" என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போனை எடுத்தேன்.

"பொறு, இங்க இருட்டு. வெளிச்சத்துக்கு வா," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவே வாசலுக்கு வந்தார். நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார். "படம் விழுந்துதா? இரி, மாடல் நம்பர் இந்தப் பக்கம் போட்டிருக்கு. இதையும் எடு. அம்மைக்கு விவரம் தெரியணும்லா."

எடுத்தேன். இரண்டு பக்கமும் எடுத்தேன்.

அப்புறம் அந்தக் கடை வாசலிலேயே, தகரக் கூரையின் நிழலில் நின்று, அந்த நம்பரை அடித்து ஆர்டர் போட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் போன் அந்த வாசலுக்குப் போனாலே கடையின் வைஃபையில் தானாகச் சேர்ந்துகொள்ளும். அக்கா எப்போதோ அவனுக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தார். ஆக... கடை அவருடையது, வெளிச்சம் அவருடையது, வைஃபை அவருடையது. வியாபாரம் மட்டும் வேறு யாருக்கோ.

இதோடு நின்றதா? இல்லை.

எங்கள் பக்கம் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அன்று சாயங்காலம் யாரோ கேள்வி போட்டார்கள் — உள்ளூர்க் கடையா, ஆன்லைனா? ஆளாளுக்கு எழுதினார்கள். நானும் எழுதினேன். 'நம்மூர்க் கடையை நாமதான் ஆதரிக்கணும்!' கூடவே மூன்று கும்பிடு. ஆர்டர் போட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜெசி அக்காவும் அந்தக் குரூப்பில் உண்டு. என் மெசேஜுக்கு ஒரு சிவப்பு ஹார்ட் போட்டிருந்தார்.

இரண்டு நாளில் வரும் என்றார்கள். வரவில்லை. சனி போனது, ஞாயிறு போனது. அம்மா தொட்டிப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். செம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, கையை உயர்த்தி ஊற்றுவாள். மறுபடி மொள்வாள். விழுகிற தண்ணீரில் காற்று இருக்கும், மந்திரி வந்து அதன் அடியில் நிற்கும். நான் வேலை முடிந்து வந்ததும் செம்பை வாங்கிக்கொள்வேன்.

"ஜெசி கடையில போயி ஒண்ணு வாங்கிட்டு வரப்பிடாதா மக்கா?" என்றாள் திங்கட்கிழமை.

"வந்துட்டிருக்கும்மா."

அம்மா தோளைத் தடவிக்கொண்டு அடுத்த செம்பை மொண்டாள்.

அந்தப் பெட்டிதான் செவ்வாய்க்கிழமை அக்கா கடையில் போய் உட்கார்ந்துகொண்டது.

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பக்கத்து வீட்டு ஆளை அனுப்பலாமா? காய்ச்சல் என்று சொல்லலாமா? ஆனால் மந்திரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஆறு மணிக்குப் போனேன்.

கல்லாவுக்குக் கீழே ஒரு தட்டு. அதில் ஊர்ப்பட்ட பார்சல்கள். வீட்டில் ஆள் இல்லாதவர்களுடையதை எல்லாம் டெலிவரி ஆட்கள் அங்கேதான் கொடுத்துவிட்டுப் போவார்கள். அக்கா ஒருபோதும் முகம் சுளித்ததில்லை. என் பெட்டி மட்டும் மேலே, துடைத்து, ஒரு துணி விரித்து அதன் மேல் இருந்தது. வெளியே பெரிதாக மோட்டரின் படம்.

"சுனிலுக்க பெட்டி வந்து கெடக்கு," என்றார் அக்கா. "ஒருத்தன் வாசல்ல நின்னு, 'சுனில்... சுனிலுக்கு பார்சல்'னு உறக்க விளிக்கான். எட்டு மாசம் கழிஞ்சு அந்தப் பேரக் கேட்டதும் உள்ளேருந்து ஓடி வந்தேன் கேட்டியா. எதுக்கு ஓடுனேன்னு எனக்கே தெரியல்ல."

பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன்.

"அம்மைக்குக் காட்டுனியா?"

"எத அக்கா?"

"படத்த. அம்மைக்குக் காட்டணும்னுதானே எடுத்த?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நானும் ஆன்லைன்ல வாங்குகவதான். எனக்க மோளுக்கு சூ, பேக்கு எல்லாம் அதுலதான் வருது. நீ வாங்குனதுக்கு இல்ல லே எனக்கு சங்கடம். வெளிச்சத்துல கொண்டு போயி, திருப்பித் திருப்பிக் காட்டுனேனே... விவரம் கெட்ட பொட்டியப் போல." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் எனக்கு ஒரு அடி கொடுத்திருக்கலாம்.

திடீரென்று சிரிப்பு நின்றது.

"நில்லு. படம் எடுத்தது வெள்ளியாச்சயில்லா? அப்பம் இந்நேரம் வரைக்கும் மந்திரி மோட்டரு இல்லாமலா கெடக்கு?"

"அம்மை செம்புல வெள்ளம் கோரி ஊத்துகா."

"அம்மையா? நாலு நாளாட்டா?" இப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. "அந்த அம்மைய ஸ்டூல்ல இருத்திட்டு நீ பார்சலு வருமா வருமான்னு பாத்துட்டு இருந்தியா? கடை என்ன, பேச்சிப்பாறையிலயா இருக்கு? ஒரு விளி விளிச்சிருந்தா நான் பழைய மோட்டரு ஒண்ணு சும்மா தந்திருப்பேனே லே! நீ பொறவு எங்க வேணும்னாலும் வாங்கு!"

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

"பழைய மோட்டருக்க பஞ்சு எங்க?"

"அழுக்கா இருந்துது. சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல காயப்போட்டேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "சோப்பா! கொள்ளாம். மந்திரிக்கு ஷாம்பும் போட்டுக் குளிப்பாட்டுனியா?"

மோட்டருக்குள் இருக்கும் பஞ்சில் ஊறிப்போன அழுக்கு இருக்கிறதே, அதில்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்குமாம். சோப்புப் பட்டால் போச்சு. புதுப் பஞ்சை மட்டும் நம்பினால் ஆஸ்கர் மாதிரிப் பெரிய மீன் தன் கழிவு தண்ணீரில் கலந்தே சில நாளில் செத்துவிடுமாம். எனக்கு இது எதுவுமே தெரியாது. அண்ணன் இருந்தவரை நான் கேட்டதும் இல்லை.

அக்கா, மோட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார். பழுப்பும் கறுப்புமாகச் சொட்டுகிற ஒரு பஞ்சை எடுத்தார். கத்தரியால் பாதியை வெட்டி, அந்தத் தண்ணீரோடு கவரில் போட்டுக் கட்டினார்.

"இத உள்ள வச்சுட்டு மாட்டு. கழுவிராத!"

"எவ்வளவுக்கா?"

"அழுக்குக்கு வெல கேக்கியா? போ லே. மீனு சாவுகதுக்கு முன்ன வீடு பிடி."

ஓடினேன். மாட்டினேன். மறுநாள் காலை மந்திரி கீழே இறங்கியது. அடுத்த நாள் தீனி கேட்டு உம்மென்று முன்னால் வந்து நின்றது. அம்மா செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இந்த இடத்தில் 'ஆன்லைன் சாமான் இரண்டே நாளில் புகைந்துவிட்டது' என்று எழுதினால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஆனால் மோட்டர் நன்றாக ஓடுகிறது. சத்தமே இல்லை. அதுதான் சங்கடம்... திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

விலைக்காகத்தான் செய்தேனா? ஆமாம். அது மட்டுமா? இல்லை. கடைக்குப் போனால் அக்கா அண்ணன் பேச்சை எடுப்பார். போன் அந்தப் பேச்சை எடுக்காது. யாரும் என்னைப் பார்த்து இன்னொருத்தனைத் தேட மாட்டார்கள். இரண்டும் உண்மை. இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறைக்க மாட்டேன்.

குரூப்பில் 'ஆதரிக்கணும்' என்று எழுதினேனே, இப்போது அந்த வார்த்தையை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. யார் யாரை ஆதரித்தது? துக்க வீட்டிலிருந்து மீனை வாளியில் தூக்கிக்கொண்டு போனது யார்? ஊரார் பார்சலை மழையில் நனையாமல் காப்பது யார்? எல்லாக் கடையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சீக்கு மீனைத் தலையில் கட்டுகிற கடைகளும் உண்டு, நானே ஏமாந்திருக்கிறேன். அங்கே போகாதீர்கள், தப்பே இல்லை. ஆனால் பாஸ்வேர்டு கொடுத்த கடை வாசலில் நின்றுகொண்டு... வேண்டாம் சார்.

அன்றைக்கு ராத்திரி அண்ணனின் ஆப்பில் அவன் வாங்கியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பார்த்தேன். செருப்பு, போன் கவர், அம்மாவுக்கு மிக்ஸி ஜார், ஒரு நீலச் சட்டை. எல்லாம் வாங்கியிருக்கிறான். மீனுக்கென்று ஒன்றுகூட இல்லை. ஒன்றே ஒன்றுகூட. அந்தப் பேரில் முதல் மோட்டரை வாங்கியது நான்.

அந்த மூன்று கும்பிடு குரூப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஹார்ட்டும் இருக்கிறது. அழிக்கத் தைரியம் இல்லை, அங்கே உண்மையை எழுதவும் தைரியம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போனாவது அண்ணனைப் பற்றிக் கேட்காது என்று நினைத்தேன் அல்லவா? பெட்டி வந்த மறுநாளிலிருந்து தினமும் ஒரு மெசேஜ். 'ஹாய் சுனில்! வாங்கிய பொருள் பிடித்திருக்கிறதா? எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?' அக்காவுக்காவது அவன் இல்லை என்று தெரியும்.

நேற்று மந்திரிக்குத் தீனி வாங்கப் போனபோது அதை அக்காவிடம் காட்டினேன். அந்தப் பேரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

"அஞ்சும் போடு மக்கா. உள்ள இருக்குது நம்ம கடை பஞ்சுல்லா!"