வேன் கூரையில் அந்தோணியார்

வியாகுலம் முப்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஓட்டிய தூரத்தைச் சேர்த்தால் நாட்டையே பல தடவை சுற்றியிருப்பார். ஆனால் கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களை அவர் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற கையோடு, பள்ளிக்கூடம் கழித்துவிட்ட அதே வேனை விலைக்கு வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். ஜெயிலிலிருந்து விடுதலையானவன் ஜெயிலையே வாங்கி வந்த மாதிரி இருந்தது. எதிர் வீட்டுக்காரன் என்பதால் எனக்குச் சிரிக்கும் உரிமை கொஞ்சம் அதிகம்.

சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார். "இனிமே இதுதான் நம்ம வூடு. வேளாங்கண்ணில ஆரம்பிச்சுக் கடலோரமாவே போயிட்டு இருக்கலாம்" என்றார். அவர் மனைவி தெரசா, கீரை ஆய்ந்துகொண்டே ஒரு நிபந்தனை போட்டார்.

"ராத்திரி பூரா ஃபேன் சுத்தணுங்க. நடுவுல நின்னா நான் வரமாட்டேன்."

மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிறவர் தெரசா. வராமல் இருப்பதற்குக் கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்த சாக்கு என்று தெருவே முடிவு கட்டியது. வியாகுலமும் உள்ளூர அப்படித்தான் நினைத்தார். தெரசா இல்லாமல் கடலைப் பார்த்து என்ன செய்ய என்று என்னிடமே கேட்டார். ஆகவே ஃபேனுக்குக் கரண்ட் தேடக் கிளம்பினார்.

முதலில் வேனின் சொந்த பேட்டரியிலேயே ஃபேனை மாட்டினார். செலவில்லாத வழி. ஃபேன் விடிய விடியச் சுற்றியது. காலையில் வேன் கிளம்பவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த கூட்டம் ஜெபமாலையும் கையுமாகத் தள்ளியது. நானும் தள்ளினேன், என் வெள்ளைச் சட்டை போயிற்று.

அடுத்து, திருவிழாக்களுக்கு சவுண்டு சர்வீஸ் நடத்தும் மாதேஸ்வரனிடம் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார். ஃபேன் சுற்றியது. தெருவில் ஒருவரும் தூங்கவில்லை. "நீங்க கன்னியாகுமரியில போட்டா இலங்கைக்குக் கேக்குங்க" என்று நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டே ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் எலெக்ட்ரிக் கடை ராஜப்பன் வழி சொன்னார். கூரையில் ஒரு சோலார் பேனல், உள்ளே ஃபேனுக்கென்று தனி பேட்டரி. பகலில் சேரும், இரவில் செலவாகும். டீசல் வேண்டாம், சத்தம் கிடையாது. "வெயிலுக்கு நம்ம ஜில்லாவுல பஞ்சமாங்க?" என்றார். நியாயமான பேச்சு. ஊரே நிழல் தேடும்போது வியாகுலம் மட்டும் வெயில் தேடி வண்டியை நிறுத்தினார்.

ஃபேன் பாதி ராத்திரிக்கு முன்பே நின்றது. மறுநாளும் நின்றது. ஒத்திகைக்காக வேனில் படுத்திருந்த தெரசா தலையணையோடு வீட்டுக்குள் போய்விட்டார். வியாகுலம் ராஜப்பன் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். ராஜப்பன் வந்து பேட்டரியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், குறை ஒன்றும் தெரியாமல் கூரைக்கு ஏறினார்.

பேனலின் நடுவில் புனித அந்தோணியார் கையில் குழந்தை இயேசுவோடு வீற்றிருந்தார். தருமபுரியில் அச்சடித்த பெரிய ஸ்டிக்கர்.

"என்னங்க இது?"

"புதுப் பொருளுங்க. துணை வேணாமா?" என்றார் கீழே நின்ற வியாகுலம்.

"கண்ணாடியில ஒட்டியிருக்கலாமே?"

"மேல இருக்கிறவருக்குத் தெரியணுமில்ல?"

"சூரியனுக்கும் தெரியணுமேங்க! இதுல கொஞ்சம் மறைஞ்சாலே மொத்தமும் படுத்துக்கும். உரிச்சுடுங்க."

"ஃபாதர் மந்திரிச்ச படத்த நான் உரிக்கிறதா? நீங்களே உரிங்க."

ராஜப்பன் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உங்க சாமி, நீங்களே பாத்துக்கங்க" என்று இறங்கிவிட்டார்.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். காணாமல் போன கரண்டுக்காக, அதை மறைத்துக்கொண்டிருந்தவருக்கே வியாகுலம் மெழுகுவர்த்தி ஏற்றினார். பலன் இல்லை. ஒரு வாரம் கழித்து வேனை விற்றுவிடப் போவதாக என்னிடம் சொன்னார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் வேனில் ஏணி சாத்தியிருந்தது. மேலே தெரசா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி, படம் கிழியாமல் நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். வியாகுலம் பதறி ஓடி வந்தார்.

"தெரசா, பாவம் தெரசா!"

"கொழந்தையத் தூக்கிட்டு அவரு வெயில்ல காயறாரே, அது பாவமில்லையா? உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ இருக்கட்டும்."

"உனக்குத்தான் வர இஷ்டமில்லையே!"

தெரசாவின் கை நின்றது. "யாருங்க சொன்னது? ஃபேன் சுத்தணும்னுதான் சொன்னேன். முப்பது வருசமா இந்த வேன்ல ஊருப் புள்ளைங்கள எல்லாம் ஏத்துனீங்க. நான் சந்தைக்குக் கூடையோட ரோட்டுல நடந்தேன். ஒரு நாளாவது நிறுத்தி, ஏறுன்னு சொன்னீங்களா?"

பள்ளிக்கூட வேனில் வெளியாள் ஏறக்கூடாது என்பது விதி. வியாகுலம் விதியை மீறாதவர். இப்போது கிட்டே போய், ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

தெரசா இறங்கி வந்து, அந்தோணியாரை உள்ளே கட்டிலுக்கு நேராக ஒட்டினார். பிறகு முன்பக்கம் ஏறி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"ராத்திரி பூரா சுத்துதான்னு பாக்க வேணாமா?" என்றார் வியாகுலம்.

"வழியில பாத்துக்கலாம். வண்டிய எடுங்க."