எஸ்தர் வீட்டில் ‘ஹுட்’டைப் பற்றிப் பேசிய நாள்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் ‘நெய்பர்ஹுட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பேருந்து நகரும்வரை அந்தச் சொல்லின் கடைசித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் எஸ்தரும் தாம்பரத்திலிருந்து ஒரே மின்ரயிலில் கல்லூரிக்குப் போவோம். ஆங்கில எம்.ஏ., இறுதியாண்டு. நூலகத்தின் பெரிய அகராதியை வெளியே தரமாட்டார்கள். நின்றபடியே அட்டைகளில் எழுதிக்கொள்வோம். பின்னொட்டுகள் என் பங்கு. என் கையெழுத்து அச்சடித்ததுபோல் நிற்கும். சொன்னால் சிரிப்பீர்கள், அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஜனவரியில் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு வடக்கே பிலாய் உருக்காலையில் வேலை; கல்யாணம் முடிந்த கையோடு அழைத்துப் போய்விடுவார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால், அதற்கு முன்பே அவள் அப்பா தேதி குறித்துவிட்டார். தேர்வோ ஏப்ரலில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் ஓலை வாசித்து, கல்யாணத்தைச் சபையாருக்கு அறிவித்துவிட்டால், பிறகு அவர் தேதியை மாற்றமாட்டார்.

“உன்மேல அப்பாக்கு மரியாதைடி. ஈஸ்டர் கழிச்சு வைக்கச் சொல்லு. நான் சொன்னா வாயாடின்றார்” என்று சனிக்கிழமை என்னைச் சேலையூர் வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

“வாம்மா. இப்போ என்ன படிக்கிறீங்க ரெண்டு பேரும்?” என்றார் அவர்.

எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. ‘ஹுட்’ ஒரு காலத்தில் தனிச்சொல்லாக இருந்ததையும், ஆளையும் நிலையையும் தகுதியையும் குறித்ததையும், தலையில் போடும் முக்காட்டுக்கும் அதற்கும் உறவில்லை என்பதையும், நாளடைவில் தனியே நிற்கும் வழக்கை இழந்து சைல்டுஹுட், மதர்ஹுட், விடோஹுட் என்று பிற சொற்களின் முடிவில் ஒட்டிக்கொண்டதையும் பிசகின்றிச் சொன்னேன்.

“அடேயப்பா, ஒரு வாலுக்கு இவ்ளோ கதையா!” என்று சிரித்தார். காப்பி வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன்.

வாசல்வரை வந்தாள் எஸ்தர். “ஹுட்டுக்கு அவ்ளோ பேசினியே. எனக்கு ஒரு வார்த்தை வரலையா?”

மறுநாள் ஓலை வாசித்தார்கள். ஏப்ரலில், தேர்வு மண்டபத்தில் அவளுடைய எண் எழுதிய மேசை காலியாகக் கிடந்தது. பிலாயிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் வெயிலைப் பற்றி எழுதியிருந்தாள். படிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

சேலையூரில் அந்த வீடு இருந்த இடம் எதுவென்று இன்று என்னால் காட்ட முடியாது. எஸ்தரின் அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. “ஈஸ்டர் கழிச்சு வைங்க அங்கிள், அவ பரீட்சை எழுதட்டும்.” வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.