புளியமரத்தின் மேல் வைத்தியம்

எழுத்து கோணலாக வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். 1987-ல் ரோட்டை மறித்து நடந்த இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது கைக்குழந்தையோடு சின்னசேலத்தில் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டேன். குழந்தைக்கு மூச்சு இழுத்தது. எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வீட்டுக்காரருக்குக் கொடுத்த தொழிலாளர் இன்சூரன்ஸ் கார்டோடு சின்னசேலத்து இன்சூரன்ஸ் கிளினிக்குக்கு ஓடினேன்.

கம்பவுண்டர் கார்டைத் திருப்பித் தந்தார். "இது மூங்கில்துறைப்பட்டு கிளினிக்குக்குப் போட்டதும்மா. இங்க பார்த்தா சட்டப்படி தப்பு."

"ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. நான் இன்னாங்க பண்ணுவேன்?"

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் எழுந்து வெளியே வந்தார். வாசலுக்கு எதிரே ரோட்டில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்தார். "கொழந்தைய இங்க கொண்டாம்மா. சட்டம் கிளினிக்குக்குத்தான், மரத்துக்கு ஏது?" என்று ஊசி போட்டார். இழுப்பு அடங்கியது.

என்னைப் போகவிடாமல் மறித்த மரமும் அதுதான்.

அப்போது சட்டம் அப்படித்தானா என்று தெரிந்தவர்கள் சரிபாருங்கள். டாக்டர் செய்தது தப்பென்றால் மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.